கேள்வி–பதில்: எச்சில் பந்தும் மூன்று விரல் பிரவுனும்

1900 முதல் 1920 வரை அமெரிக்க பேஸ்பாலில் கொடிகட்டிப் பறந்த பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களைப் பற்றிய கேள்விகள் மட்டும் இந்த இதழில். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சில எண்கள் நம்ப முடியாதவையாக இருக்கும். அதனால் எண்ணோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்.

சை யங் என்ற பிட்சர் 511 ஆட்டங்களில் வென்றதாகப் படித்தேன். அச்சுப்பிழையா?
– வாசகி, திருநெல்வேலி

பிழை இல்லை, 511தான். பேஸ்பாலில் வெற்றி, தோல்வி அணியின் கணக்கில் மட்டுமல்லாமல் ஒரு பிட்சரின் பெயரிலும் எழுதப்படும். அவர் வீசிக்கொண்டிருந்தபோது அணி முன்னிலை பெற்று, அந்த முன்னிலை கடைசிவரை கைவிட்டுப் போகாமல் இருந்தால் வெற்றி அவருடையது. யங் 1890 முதல் 1911 வரை 22 சீசன் ஆடினார். 815 ஆட்டங்களைத் தொடங்கி வைத்து, அதில் 749-ஐ இன்னொருவர் கையில் பந்தைக் கொடுக்காமல் தானே முடித்தார். மொத்தம் 7,356 இன்னிங்ஸ். (பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸ் என்பது மூன்று விக்கெட் போல மூன்று அவுட், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.) அதே மனிதர்தான் 300-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்று, தோல்வியிலும் முதலிடத்தில் இருக்கிறார். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இன்று ஒரு அணியில் ஐந்து பேர் முறை வைத்துத் தொடங்குகிறார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 32, 33 ஆட்டம் கிடைத்தால் அதிகம். அதிலும் ஆறாவது இன்னிங்ஸில் மாற்று ஆள் வந்துவிடுவார். அன்று மூன்று, நான்கு பேர்தான். தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்பது வழக்கம். இப்போது 300 வெற்றியைக் கடைசியாகத் தொட்டவர் ராண்டி ஜான்சன், 2009-ல். 511-ஐ இனி யாரும் நெருங்கப்போவதில்லை.

ஒரே ஆள் அத்தனை ஆட்டம் வீசியும் தோள் எப்படித் தாங்கியது? அந்தக் காலத்து உடம்பா?
– வாசகர், ஈரோடு

உடம்பை விட, பந்துதான் காரணம். அந்தக் காலத்துக்கு ‘செத்த பந்து’க் காலம் என்றே பெயர். பந்தின் எடை இன்றைக்கும் அன்றைக்கும் ஒன்றுதான், 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம் லேசு. ஆனால் அன்று முடிந்தவரை ஒரே பந்தை வைத்து ஆட்டத்தை ஓட்டினார்கள். கூட்டத்துக்குள் போன பந்தையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மண், எச்சில், புகையிலைச் சாறு எல்லாம் ஏறி, ஆறாவது இன்னிங்ஸுக்குள் பந்து கறுத்து, நைந்து, தையல் தளர்ந்துவிடும். அடித்தாலும் தூரம் போகாது. மைதானங்களும் பெரியவை. பாஸ்டனின் ஹண்டிங்டன் அவென்யூ மைதானத்தில் நடுப்பக்க வேலி 530 அடி தள்ளி இருந்தது, பிறகு 635 அடியானது. 1908-ல், இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், அதிக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற பெரிய அடி) அடித்த சாம் கிராஃபோர்டின் கணக்கு ஏழு. ஆண்டு முழுவதற்கும் ஏழு!

ஒரே அடியில் ரன் போகும் பயம் இல்லாததால் பிட்சர் ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சாக வீசத் தேவையில்லை. பாதி வேகத்தில் வீசி, அடிக்கவிட்டு, ஃபீல்டர் பிடிக்கட்டும் என்று விடலாம். ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நான்கு முனைகளுக்கு பேஸ் என்று பெயர். எதிரணி ஆள் இரண்டாம், மூன்றாம் பேஸில் வந்து நின்றால்தான் முழு வேகம். இன்று ஒன்பதாவது ஆளும் ஹோம் ரன் அடிப்பான். மூச்சுவிட இடமே இல்லை.

விதியும் உதவியது. முன்பு பேட்டர் ஃபௌலாக வெளியே தட்டிய பந்துகள் கணக்கில் வராது. பிட்சர் சோரும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாம். நேஷனல் லீக் 1901-லும் அமெரிக்கன் லீக் 1903-லும் முதல் இரண்டு ஃபௌல்களை ஸ்ட்ரைக் என்று எண்ணத் தொடங்கின (மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் பேட்டர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக் அவுட்). அதோடு ரன் வற்றியது. 1908-ல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரி 3.4 ரன் அளவுக்கு இறங்கிவிட்டது.

தோள் தாங்கியது என்பதும் பாதி உண்மைதான். கீழே எட் வால்ஷ் பற்றிய பதிலைப் பாருங்கள்.

எச்சில் பந்து எப்படி வேலை செய்தது? கிரிக்கெட்டில் எச்சில் தொட்டுத் தேய்ப்பது போலவா?
– வாசகர், சேலம்

நேர் எதிர். சர்வதேச கிரிக்கெட்டில் 2020-ல் தடை வரும்வரை, பந்தின் ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்கிக் காற்றில் விலகவைக்கத்தான் எச்சில் தடவினார்கள். ஸ்பிட்பாலில் எச்சில் விரலை வழுக்கவைக்க. பழுத்த பலாச்சுளையிலிருந்து எடுத்த கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள், சுழலாமல் நழுவிப் பாயும். அதுதான் தத்துவம்.

சாதாரண வேகப்பந்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கடைசியாகப் பந்தை விடும். அதனால் பந்து பின்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி பந்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். ஸ்பிட்பாலில் இந்தச் சுழற்சியைக் கொன்றுவிட வேண்டும். செய்முறை இதுதான்.

ஸ்லிப்பரி எல்ம் என்ற மரத்தின் உள்பட்டையை மெல்லுவார்கள். எச்சில் கெட்டியாக, கொழகொழவென்று ஊறும். தையல் இல்லாத வழவழப்பான தோல் பகுதியில் இரண்டு விரல்நுனி அளவுக்கு மட்டும் ஈரம். அந்த ஈரத்தின் மேல் இரண்டு விரல். கட்டைவிரல் கீழே, காய்ந்த தையலின் மேல். மணிக்கட்டை மடக்காமல் வேகப்பந்து போலவே கையை வீச வேண்டும். மேல்விரல்கள் முதலில் நழுவும், கட்டைவிரல் கடைசியில் விடும். பந்து கிட்டத்தட்ட சுழலாமல் போய், பேட்டருக்கு முன்னால் ‘தொப்’பென்று இறங்கும்.

கெடும் இடங்களும் இவைதான். ஈரம் கூடினால் பந்து சீக்கிரம் நழுவிக் கேட்சர் (விக்கெட் கீப்பர் போல பேட்டருக்குப் பின்னால் இருப்பவர்) தலைக்கு மேலே போகும். கட்டைவிரலிலும் ஈரம் பட்டால் திசையே நிற்காது. ஈரம் காய்ந்தால் பந்து சுழன்று, வேகம் குறைந்த நேர்ப்பந்தாகிவிடும், பேட்டருக்கு விருந்து. ஈரப் பந்தைப் பொறுக்கி எறியும் ஃபீல்டருக்கும் கை வழுக்கும்.

இதில் கைதேர்ந்தவர் சிகாகோ ஒயிட் சாக்ஸின் எட் வால்ஷ். எச்சில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் வாயருகே கொண்டுபோவார். எது ஈரப் பந்து என்று பேட்டருக்குத் தெரியாது.

மேலே சொன்ன முதல் கோளாறு ஒரு பட்டத்தையே தின்றது. 1904-ல் நியூயார்க் ஹைலேண்டர்ஸின் ஜாக் செஸ்ப்ரோ 41 ஆட்டம் வென்றார். 1900-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அக்டோபர் 10, கடைசி நாள், பாஸ்டனுக்கு எதிராக அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். பட்டத்துக்கு நியூயார்க் இரண்டையும் வெல்ல வேண்டும். முதல் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 2–2, இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள். செஸ்ப்ரோ வீசிய பந்து கேட்சருக்கு மேலே பறந்தது. பாஸ்டன் 3–2. நாற்பத்தொன்றை விட அந்த ஒரு பந்துதான் இன்றும் அதிகம் பேசப்படுகிறது.

எமரி பால் என்பது என்ன?
– வாசகர், காரைக்குடி

உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பந்து. ரஸ் ஃபோர்டு 1908 வாக்கில் மைதானத்துத் தூணில் மோதிச் சொரசொரப்பான ஒரு பந்து விசித்திரமாகத் திரும்புவதைக் கவனித்தார். சொரசொரத்த பக்கமும் வழவழத்த பக்கமும் காற்றை ஒரே மாதிரி கிழிக்காது. பந்து ஒரு பக்கமாக இழுபடும். இது மட்டும் நீங்கள் கிரிக்கெட்டில் பார்த்ததற்குச் சொந்தக்கார வித்தை. 1910-ல் கையுறைக்குள் ஒரு துண்டு உப்புத்தாளை மறைத்துவைத்து, வெளியே ஸ்பிட்பால் என்று பாவனை காட்டி, முதல் முழு சீசனிலேயே 26 ஆட்டம் வென்றார். ரகசியம் கசிந்ததும் தடை வந்தது.

கிறிஸ்டி மேத்யூசனின் ‘ஃபேடவே’ பந்தை விளக்க முடியுமா? வீசிப் பார்க்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

வலக்கை பிட்சரின் கர்வ்பால் (சுழன்று வளைந்து இறங்கும் பந்து) வலக்கை பேட்டரை விட்டு விலகும். ஃபேடவே அதே கையசைவில் எதிர்ப்பக்கம், அவரை நோக்கி உள்ளே வந்து இறங்கும். லெக் ஸ்பின்னரின் கூக்ளியை நினைத்துக்கொள்ளுங்கள்: வேலை வேறு, ஏமாற்று ஒன்று. இன்று இதற்கு ஸ்க்ரூபால் என்று பெயர். இடக்கை பேட்டர்களுக்கு எதிராகத்தான் இதன் முழுப் பயன். கர்வ்பால் அவர்களை நோக்கி வரும், இது விலகிப் போகும்.

கர்வ்பாலுக்குக் கதவுக் குமிழைத் திருகுவது போல உள்ளங்கை உடம்புப் பக்கம் திரும்பும். ஃபேடவேக்குப் பந்தை விடும் கணத்தில் உள்ளங்கை வெளிப்பக்கம், அதாவது மூன்றாம் பேஸ் பக்கம் திரும்ப வேண்டும், கட்டைவிரல் கீழ்நோக்கும். தோளையும் முழங்கையையும் இது முறுக்கி எடுத்துவிடும். அதனால் மேத்யூசனே ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் வீசமாட்டார். நீங்கள் டென்னிஸ் பந்தில், அரை வேகத்தில், நாலைந்து முறை வீசி அசைவைப் புரிந்துகொள்ளலாம். கனமான பந்தில் தினமும் பழகாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: ஃபேடவே அவருடைய அடையாளம், பலம் அல்ல. பலம் துல்லியம். அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து போனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். 1913-ல் 306 இன்னிங்ஸ் வீசி 21 பேரை மட்டுமே இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பினார். ஒரு கட்டத்தில் தொடர்ந்து 68 இன்னிங்ஸ் யாரையும் அப்படி அனுப்பவில்லை. இரு லீக்கின் சாம்பியன்கள் மோதும் வேர்ல்டு சீரிஸில், 1905-ல், பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸுக்கு எதிராக அக்டோபர் 9, 12, 14 ஆகிய மூன்று நாள்களில் 3–0, 9–0, 2–0. ஆறு நாளில் 27 இன்னிங்ஸ், எதிரணிக்கு ரன் பூஜ்யம், இலவச பேஸ் ஒன்றே ஒன்று. அந்த சீரிஸின் ஐந்து ஆட்டத்திலும் தோற்ற அணி ரன்னே எடுக்கவில்லை என்பது அந்தக் காலத்தின் முகம்.

மூன்று விரல் பிரவுனுக்கு உண்மையில் எத்தனை விரல்?
– வாசகர், யாழ்ப்பாணம்

வலக்கையில் கட்டைவிரலோடு நான்கு, கூட ஒரு குட்டை. மோர்டெக்காய் பிரவுன் இண்டியானாவில் சிறுவனாக இருந்தபோது தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கை மாட்டி ஆள்காட்டி விரலின் பெரும்பகுதி போனது. காயம் ஆறுவதற்குள் ஓடி விழுந்து மற்ற விரல்களும் முறிந்து, கோணலாகக் கூடிக்கொண்டன. பிறகு நிலக்கரிச் சுரங்க வேலை. அந்த மொட்டை விரல் பந்தை உரசும்போது மற்றவர்களால் கொடுக்க முடியாத ஒரு சுழற்சி ஏறியது. அவருடைய கர்வ்பால் கடைசி நேரத்தில் வெடுக்கென்று கீழே விழும்.

‘விரல் போனதால்தான் பெரிய ஆளானார்’ என்று எழுதுவது வாசிக்கச் சுவை. ஆனால் அவர் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்து பந்து பொறுக்குவதிலும் முதல் தரம். பன்ட் அடித்து (பந்தை லேசாகத் தட்டி அருகிலேயே விழவைத்து) ரன் எடுத்த காலத்தில் அது பாதி வேலை. சிகாகோ கப்ஸுக்கு 1906-ல் 26 வெற்றி, 6 தோல்வி, ஈ.ஆர்.ஏ (விளக்கம் அடுத்த பதிலில்) 1.04. அந்த ஆண்டு கப்ஸ் 116 ஆட்டம் வென்றும் வேர்ல்டு சீரிஸில் ஒயிட் சாக்ஸிடம் தோற்றது; 1907, 1908 இரண்டிலும் பட்டம். 1908 அக்டோபர் 8-ல் லீக் பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே மாற்று ஆளாக வந்து, மேத்யூசனை எதிர்த்து 4–2 என்று முடித்தார்.

ஈ.ஆர்.ஏ என்றால் என்ன? எப்படிப் போடுவது?
– வாசகி, விருதுநகர்

பிட்சர் தன் பொறுப்பில் கொடுத்த ரன்னை 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். ஃபீல்டர் கோட்டைவிட்டதால் வந்த ரன் சேராது. வால்டர் ஜான்சன் 1913-ல் 346 இன்னிங்ஸில் 44 ரன் கொடுத்தார்: 44 × 9 = 396; 396-ஐ 346-ஆல் வகுத்தால் 1.14.

இரண்டு எச்சரிக்கை. நேஷனல் லீக் 1912-லும் அமெரிக்கன் லீக் 1913-லும்தான் இதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கின. அதற்கு முந்தைய எண்கள் பழைய ஸ்கோர் அட்டைகளை வைத்துப் பின்னால் போட்டவை. இரண்டாவது, அன்றைய கையுறைகள் சிறியவை, தரை மேடு பள்ளம். ஃபீல்டிங் பிழை அதிகம், ‘சேராத’ ரன்னும் அதிகம். 1.14-ஐ இன்றைய 1.14-ஓடு நேருக்கு நேர் வைக்காதீர்கள். அதே ஆண்டு லீக்கில் மற்றவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

வால்டர் ஜான்சன் மணிக்கு 134 கி.மீ. வேகம்தானாமே? நம் ஊர்ப் பையன்களே அதை விட வேகமாக வீசுகிறார்களே!
– வாசகர், மதுரை

அளந்த விதத்தைக் கேளுங்கள். 1912-ல் கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தை அளக்கும் ரெமிங்டன் கூடத்தில் வீசச் சொன்னார்கள். கம்பியைக் கடந்து இரும்புத் தகட்டில் பந்து மோத எடுக்கும் நேரம்தான் அளவு. நொடிக்கு 122 அடி. மணிக்கு 83 மைல், அதாவது 134 கி.மீ. ஆடுகளத்து மேடு இல்லை, சாதாரண உடை, ஒரு சிறு திறப்புக்குள் குறிபார்த்துப் பந்தைச் செலுத்த வேண்டும். முக்கியமாக, பந்து தூரத்தைக் கடந்து வேகம் இழந்த பிறகு எடுத்த அளவு அது. இன்றைய ரேடார் கையிலிருந்து விட்ட கணத்தில் அளக்கிறது. அங்கிருந்து பேட்டரிடம் வருவதற்குள் வேகத்தில் சுமார் 8 சதவீதம் குறையும். அந்தக் கணக்கில் திருப்பினால் 145-ஐத் தாண்டுகிறது, அதுவும் குறிபார்த்து அடக்கி வீசியது.

அவர் கையைப் பக்கவாட்டில் சுழற்றி, அலட்டாமல் வீசியவர். கறுத்த பழைய பந்து, மாலை வெளிச்சம் வேறு; பேட்டரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 3,500-க்கு மேற்பட்ட ஸ்ட்ரைக் அவுட். அந்தச் சாதனை 1983 வரை நின்றது.

இவர்களில் தலைசிறந்தவர் யார்? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– வாசகர், புதுச்சேரி

ஜான்சன். காரணம், மற்றவர்களுக்கு நல்ல அணி வாய்த்தது. மேத்யூசனுக்கு ஜயண்ட்ஸ், பிரவுனுக்கு கப்ஸ். ஜான்சன் 1907 முதல் 1927 வரை வாஷிங்டனுக்கே ஆடினார். அது பெரும்பாலும் சோனி அணி. அவர் தோற்ற ஆட்டங்களில் 65-ல் அவருடைய அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அப்படியும் 417 வெற்றி. அதில் 110 ஆட்டத்தில் எதிரணிக்கு ரன்னே இல்லை. 38 ஆட்டம் 1–0. 1908 செப்டம்பர் 4, 5, 7 மூன்று நாளும் நியூயார்க்கை ரன் இல்லாமல் அடைத்தார்: ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டுவது) முதல் நாள் ஆறு, மறுநாள் நான்கு, மூன்றாவது முறை இரண்டு. நடுவில் 6-ஆம் தேதி ஞாயிறு. அன்று அங்கே ஆட்டத்துக்கு அனுமதி இல்லை. இல்லாவிட்டால் அன்றும் அவர் கையில் பந்தைக் கொடுத்திருப்பார்கள் போலும்.

குரோவர் கிளீவ்லண்ட் அலெக்சாண்டர் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். வலப்பக்க வேலி 280 அடியிலேயே நின்ற குறுகிய பிலடெல்ஃபியா மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு 1916-ல் 16 ஆட்டத்தில் எதிரணியை ரன் இல்லாமல் அடைத்தவர் அவர். இரண்டாமிடம் தர மனம் வராத இரண்டாமிடம்.

அந்தக் காலத்தின் ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

1908 அக்டோபர் 2, கிளீவ்லண்ட். இரு அணியும் பட்டத்துக்கு மல்லுக்கட்டிய வாரம். சிகாகோவுக்கு வால்ஷ், கிளீவ்லண்டுக்கு ஆடி ஜாஸ். வால்ஷ் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, நான்கே ஹிட் கொடுத்து, ஒரே ஒரு ரன் விட்டார். அதுவும் கேட்சர் கையில் நிற்காமல் போன பந்தில். தோற்றுவிட்டார். ஏனென்றால் மறுபக்கம் ஜாஸ் 27 பேர் வந்து 27 பேரையும் திருப்பி அனுப்பினார், 74 பந்தில். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடாத இதைத்தான் பர்ஃபெக்ட் கேம் என்கிறார்கள். ஜாஸ் பேட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி வீசுபவர்; பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

வால்ஷ் அந்த ஆண்டு 464 இன்னிங்ஸ் வீசி 40 ஆட்டம் வென்றார். முந்திய ஆண்டு 422 இன்னிங்ஸ். 1912 வரை அதே இழுப்பு, 1913-ல் கை போய்விட்டது. எட்டு வெற்றியோடு நின்றது. ஜாஸ் 1911-ல், 31 வயதில், மூளைக்காய்ச்சலில் இறந்தார். பாஸ்டனின் ஜோ வுட் 1912-ல் 34 வென்று 5 தோற்றவர்; அடுத்த ஆண்டு ஈரப்புல்லில் வழுக்கிக் கட்டைவிரல் முறிந்தது. அதன்பின் வலியோடு வீசிப் பார்த்து, கடைசியில் பேட்டைப் பிடித்து அவுட்ஃபீல்டராகப் பிழைத்தார். ‘அந்தக் காலத்து உடம்பு’ என்று கேட்ட ஈரோடு வாசகருக்கும் இதுவே பதில்.

கறுப்பினப் பிட்சர்கள் யாரையும் குறிப்பிடவில்லையே?
– வாசகர், சென்னை

அந்த இரு லீக்குகளும் அவர்களைச் சேர்க்கவில்லை. எழுதாத விதியாக நிறத்தடை இருந்தது. அதனால் மேலே உள்ள எல்லா எண்களும் பாதிப் போட்டியின் எண்கள். ரூப் ஃபாஸ்டர் பெரிய பிட்சராக இருந்து, 1920-ல் கான்சஸ் சிட்டியில் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். ஸ்மோக்கி ஜோ வில்லியம்ஸ் வேகத்தில் பெயர் பெற்றவர். கியூபாவின் ஹோசே மெண்டஸ் 1908-ல் ஹவானாவுக்கு வந்த சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிராகத் தொடர்ந்து 25 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை. மூவரும், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றது முறையே 1981, 1999, 2006-ல்.

இந்தக் காலம் எப்படி முடிந்தது?
– வாசகர், நாகர்கோவில்

1920 தொடக்கத்தில் எச்சில், உப்புத்தாள் வித்தைகளை எல்லாம் தடைசெய்தார்கள். ஏற்கெனவே ஸ்பிட்பாலை நம்பி வாழ்ந்த 17 பேருக்கு மட்டும் ஆயுள்வரை அனுமதி. அதில் கடைசி ஆள் பர்லி கிரைம்ஸ், 1934 வரை வீசினார். அதே 1920 ஆகஸ்ட் 16-ல் கார்ல் மேஸ் வீசிய பந்து கிளீவ்லண்டின் ரே சாப்மன் தலையில் பட்டு, மறுநாள் அவர் இறந்தார். அதற்குப் பிறகு நடுவர்கள் அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றலானார்கள். பேட்டருக்கு வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு 54 ஹோம் ரன் அடித்த பேப் ரூத், நான்கு ஆண்டுக்கு முன் 23 ஆட்டம் வென்ற பிட்சர்.

‘சை’ என்பது என்ன பெயர்?
– பள்ளி மாணவி, கும்பகோணம்

சைக்ளோனின் சுருக்கம். இயற்பெயர் டென்டன் ட்ரூ யங். அவர் பெயரில் 1956 முதல் ஆண்டின் சிறந்த பிட்சருக்கு விருது தருகிறார்கள். ஆனால் 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபோது மேத்யூசனுக்கும் ஜான்சனுக்கும் இடம் கிடைத்தது. 511 வென்றவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.